சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் சேர்த்து ஒரே பேனா, ஒரே மை: எதை வைத்துக்கொள்வது?

குகைவாசி எழுதியது:

வணக்கம். சேலம் குகைப் பகுதியில் இருக்கிறேன். ஜவ்வரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்கு முன் என் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் 'முதலில் இந்தப் பத்துப் பேனாக்களை வாங்கிப் பாருங்கள்' என்ற வழக்கமான பதில்தான் வரும்.

எனக்குக் கை சும்மா இருக்காது. தபால்தலை சேர்க்கிறேன். குரோஷா பின்னுகிறேன். மவுத் ஆர்கன் ஊதுகிறேன். பக்கத்து வீட்டார் நல்லவர்கள், பொறுத்துக்கொள்கிறார்கள். நாகலூரில் அக்கா தோட்டத்துக் காப்பிக்கொட்டையை இரும்புச் சட்டியில் வறுக்கிறேன். பறவை பார்க்கிறேன். அம்மா விட்டுச்சென்ற கோல நோட்டுகளைப் புதுத் தாளில் படியெடுக்கிறேன். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டு உண்டு. கொட்டை எந்த நிமிடத்தில் வெடித்தது, மஞ்சள் தொண்டைச் சின்னான் எந்தப் பாறைப் பக்கம் தென்பட்டது, காப்பிச் செடியைப் பூக்கவைக்கும் பூ மழை எத்தனை செண்ட் (இஞ்சில் நூறில் ஒரு பங்கு) பெய்தது, எல்லாம் நோட்டில் ஏறும். பகல் முழுக்க பால்பாயின்ட் பேனாவை அழுத்தி அழுத்திக் கணக்கு எழுதிய கை, மாலையிலாவது அழுத்தாமல் எழுத விரும்பியது. ஊற்றுப்பேனா பக்கம் வந்ததற்கு வேறு காரணம் கிடையாது.

இப்போது பேனாவே மற்ற எல்லாவற்றின் நேரத்தையும் தின்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் காலை நிப்பு கழுவுவதிலேயே போகிறது, கோலம் பாதிப் புள்ளியில் நிற்கிறது. "உன் பொழுதுபோக்குகளுக்கென்று தனியாக ஒரு வீடு வாடகைக்குப் பார்க்கட்டுமா?" என்று கணவர் கேட்கிறார். கிண்டல்தான், ஆனால் நியாயமான கிண்டல்.

இழுப்பறையில் இருப்பவை: பள்ளிக் காலத்து ஹீரோ பேனா ஒன்று. மஞ்சள் நிற லாமி சஃபாரி ஒன்று. நல்ல பேனா, ஆனால் அதன் முக்கோணப் பிடி என் விரலை அதட்டுகிறது. கண்ணாடி போன்ற உடம்புள்ள பிளாட்டினம் பிரெப்பி ஒன்று. எப்போது திறந்தாலும் எழுதுகிறது, எப்போது எழுதினாலும் அலுவலக வாடை அடிக்கிறது. பிறகு, எபோனைட்டில் (கெட்டியாக்கிய ரப்பரில்) கடைந்த ஒரு தடித்த பேனா. ஃபில்லரால் உடம்புக்குள் நேராக மை ஊற்றும் பழைய முறை. கையில் எடுத்தால் கனமே தெரியாது, உலோகம்போல் சில்லிடவும் செய்யாது. நான் ஆசையாக எடுப்பது இதைத்தான்.

இங்கேதான் சிக்கல். சனிக்கிழமை மதியம் ஏற்காடு பஸ் ஏறுகிறேன். அடிவாரம் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாக முடிந்து மேலே இறங்கும்போது, எபோனைட் பேனாவின் மூடிக்குள் மை குளமாக நிற்கிறது. சேலத்தில் அது ஒரு சொட்டும் விடுவதில்லை. மலை ஏறினால் மட்டும் அழுகிறது.

அடுத்தது மை. ராயல் புளூவில் எழுதிய பழைய மழைக் குறிப்புகள் வெளிறிப்போய், தேதியைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்க வேண்டியிருக்கிறது. ஐப்பசி மழையில் அக்கா வீட்டுத் திண்ணையில் எழுதினால் எழுத்துக்கு மீசை முளைக்கிறது. டர்க்காய்ஸ், ஊதா, மெரூன் என்று புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. பைலட் இரோஷிசுகு வரிசையில் ஓர் அடர்பச்சை 50 மில்லிப் புட்டியும் பரிசாக வந்து சேர்ந்திருக்கிறது.

என் எழுத்து சிறியது. பட்டை நிப்பில் எழுதினால் 'ஞ'வின் வயிறும் 'இ'யின் சுழியும் அடைபட்டுவிடும்.

ஒரு பேனா, ஒரு மை. இரண்டு ஊருக்கும், எல்லா நோட்டுக்கும் சேர்த்து. மற்றதைக் கொடுத்துவிடப் போகிறேன். எதை வைத்துக்கொள்ளலாம்?

அயோத்தியாப்பட்டணம் வாத்தியார் எழுதியது:

அம்மா, பேனாவின் மேல் பழி இல்லை. உங்கள் பேனா ஒரு சிறிய காற்றழுத்தமானி. அதன் வேலையை அது செய்கிறது.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு சுமார் 1,500. கீழே வளிமண்டல அழுத்தம் 980 ஹெக்டோபாஸ்கலை ஒட்டி இருக்கும். மேலே 845 அளவுக்கு இறங்கிவிடும். பாயில் விதிதான், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும்: அழுத்தம் குறைந்தால் காற்று விரியும். இந்த ஏற்றத்தில் அது ஆறில் ஒரு பங்கு விரிகிறது.

உங்கள் பேனா மூன்று மில்லி பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எழுதி எழுதி ஒரு மில்லி மை மிச்சம், மீதி இரண்டு மில்லி காற்று. மலை ஏறி முடியும்போது அந்தக் காற்றுக்கு மேலும் 0.3 மில்லி இடம் வேண்டும். வெளியே போக ஒரே வழி நிப்பு. நிப்பு கீழ்நோக்கி இருந்தால் வழியில் மை நிற்கும். காற்று அதைத் தள்ளிக்கொண்டு வரும். சொட்டுக் கணக்கில் பார்த்தால் சுமார் ஆறு சொட்டு. மூடிக்குள் குளம் கட்ட அது போதும். நிப்புக்கு அடியில் இருக்கும் ஃபீட்டில் சீப்புப் பல் போன்ற வெட்டுகள் இருக்கின்றன அல்லவா? அவை இப்படி உபரியாக வரும் மையைப் பிடித்து வைக்கத்தான். ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு சொட்டு தாங்கும். ஆறு தாங்காது.

மேலே போகப் போகக் குளிர்கிறதே, காற்று சுருங்காதா என்று கேட்பீர்கள். சுருங்கும். பதின்மூன்று டிகிரி குறைந்தால் நான்கு விழுக்காடு சுருங்கும். ஆனால் பேனா கைப்பையில் உடம்போடு ஒட்டி வந்தால் அந்தச் சலுகையும் கிடைக்காது. சேலத்திலேயேகூட, மை கால்வாசிக்குக் கீழே போன பிறகு உள்ளங்கைச் சூட்டில் இந்த வகைப் பேனாக்கள் திடீரென்று ஒரு சொட்டு விடும். அதுவும் இதே காரணம்.

ஆகவே, பஸ் ஏறும் முன் கழுத்து வரை மை ஊற்றுங்கள். 0.2 மில்லிக் காற்று மட்டும் இருந்தால் விரிவு ஒரு சொட்டுக்கும் குறைவு. அல்லது நிப்பு மேலே பார்க்கும்படி நிறுத்திக் கொண்டுபோங்கள். காற்று மட்டும் வெளியேறும், மை அடியில் கிடக்கும். இரண்டையும் செய்தால் கவலையே இல்லை. கன்வெர்ட்டர், அதாவது நிப்புக்குப் பின்னால் மாட்டி மை உறிஞ்சும் சிறு குழாய், போட்ட பேனா என்றால் அது ஒரு மில்லிகூடப் பிடிக்காது. பாதி காலியாக இருந்தாலும் ஒரு சொட்டு அளவுதான் தள்ளும், ஃபீட்டே விழுங்கிவிடும்.

பத்திரக்காரர் எழுதியது:

வாத்தியார் பேனாவைப் பார்த்துக்கொண்டார். நான் மையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நாற்பது ஆண்டுக்கு மேல் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியவன். கணினி வந்து எங்கள் கையெழுத்துக்கு வேலை இல்லாமல் போவதற்கு முன்னால், ஒரு கிரயப் பத்திரம் என்பது கையால் எழுதியது. அதை அலுவலகத்தில் 'முதல் புத்தகம்' என்ற பதிவேட்டில் மறுபடி கையால் படியெடுப்பார்கள். மூன்று தலைமுறை கழித்துப் பேரன் வந்து நகல் கேட்பான். எழுத்து அப்போதும் இருக்க வேண்டும்.

ராயல் புளூ வெளிறியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? துணியில் பட்டால் கழுவிப் போக வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்த மை அது. வெறும் சாயம். தண்ணீர் பட்டால் ஓடும், வெயில் பட்டால் வெளுக்கும். அதில் நோட்ஸ் எழுதலாம், தேர்வு எழுதலாம். மழைக் கணக்கு எழுதக் கூடாது.

நீங்கள் தேடுவது இரும்பு சேர்ந்த நீலக்கறுப்பு. புட்டியில் 'புளூ பிளாக்' என்று போட்டதெல்லாம் இந்த இனம் அல்ல. இப்போது பெரும்பாலானவை நீலச் சாயமும் கறுப்புச் சாயமும் கலந்தவைதான். பிளாட்டினம் புளூ பிளாக், பெலிக்கான் 4001 புளூ பிளாக் ஆகியவற்றில் இரும்பு உண்டு. எழுதும்போது நீலமாக இருக்கும். காற்றுப் பட்ட பிறகு உள்ளே இருக்கும் இரும்பு மாறித் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து, தாளின் நாருக்குள்ளேயே கறுப்பாக உறைந்துவிடும். மேலே இருக்கும் நீலம் போனாலும் அடியில் இருக்கும் கறுப்பு போகாது.

இது ஐரோப்பியன் கண்டுபிடித்த மாயம் என்று நினைக்க வேண்டாம். கடுக்காய்த் துவர்ப்பும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்தால் கறுக்கும் என்பது நம் நாட்டு மருந்துக் கடைக்காரருக்கும் தெரியும், சாயக்காரருக்கும் தெரியும். கடுக்காய் உங்கள் சேர்வராயன் மலையிலேயே விளைகிறது. ஆனால் வீட்டில் காய்ச்சிய கடுக்காய் மையை ஊற்றுப்பேனாவில் ஊற்றிவிடாதீர்கள். அதில் கருவேலம் பிசின் சேர்ப்பார்கள்; தொட்டு எழுதும் பேனாவுக்குச் சரி, ஊற்றுப்பேனாவின் ஃபீட் அடைத்துக்கொள்ளும்.

ஒரு சோதனை சொல்கிறேன். இருக்கும் மைகளில் எல்லாம் ஒரே தாளில் ஒவ்வொரு வரி எழுதுங்கள். தாளைக் குறுக்கே வெட்டி, ஒரு பாதியை வெயில் விழும் சன்னல் கண்ணாடியில் ஒட்டுங்கள். மறு பாதியை நோட்டுக்குள் மூடி வையுங்கள். ஆடி முடியும்போது எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு என்னிடம் டர்க்காய்ஸ் பற்றிப் பேசுங்கள்.

குகைவாசி எழுதியது:

வாத்தியார் ஐயா, நன்றி. கணவரிடம் படித்துக் காட்டினேன். அப்படியானால் காப்பிப் பொடிப் பொட்டலமும் மேலே போனால் உப்புவது இதனால்தானா என்று கேட்டார். அதுவும் இதுவும் ஒன்றுதானே?

பத்திரக்காரர் ஐயா, சன்னலில் தாள் ஒட்டியாகிவிட்டது. மூன்று சந்தேகம். இரும்பு மை அமிலம் என்கிறார்களே, நிப்பை அரிக்காதா? எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாகப் படியும். அதில் பேனா கழுவலாமா? மூன்றாவது சந்தேகம் இல்லை, முறையீடு: வருடம் முழுக்க ஒரே கறுப்புநீலமா? என் நோட்டுகள் எல்லாம் கிரயப் பத்திரம் மாதிரி ஆகிவிடாதா?

பத்திரக்காரர் எழுதியது:

பொட்டலத்துக்கு வாத்தியார் பதில் சொல்லட்டும்.

அமிலம் உண்மைதான். எழுதிக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது. பேனாவுக்குள் மாதக்கணக்கில் காயவிட்டால்தான் ஆபத்து. படிவு கட்டும், மட்டமான இரும்பு நிப்பு அரிபடும். மாதம் ஒருமுறை கழுவுங்கள். வேறு மையோடு எந்தக் காரணம் கொண்டும் கலக்காதீர்கள், பச்சையை எடுத்துவிட்டு இதை ஊற்றுவதானால் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் எந்த பேட்டரிக் கடையிலும் கிடைக்கும். தண்ணீரைக் கேளுங்கள், அமிலத்தைத் தூக்கிக் கொடுத்துவிடப் போகிறார்கள்.

முறையீடு தள்ளுபடி.

அயோத்தியாப்பட்டணம் வாத்தியார் எழுதியது:

பொட்டலமும் அதே கதைதான். புதிதாக வறுத்த பொடி கரியமில வாயுவும் விடும். அதனால் கீழேயே கொஞ்சம் உப்பியிருக்கும். உங்கள் வீட்டுக்காரர் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்.

சிவதாபுரம் பட்டறை எழுதியது:

வணக்கம் அக்கா. நான் வெள்ளிக் கொலுசு வேலை. கண்ணில் லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டிக்கொண்டுதான் நாள் போகிறது, அதனால் தெரிந்தவர்கள் கீறும் நிப்புகளையெல்லாம் என்னிடம் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். பேனாவில் எனக்கு ஆசை வந்தது அப்படித்தான். எல்லோரும் மையைப் பற்றியே பேசுகிறார்கள். பேனா என்பது நிப்பு. மற்றதெல்லாம் கைப்பிடி.

உங்கள் எபோனைட் பேனாவை விற்க வேண்டாம். முதலில் கழுத்தைத் திருகிக் கழற்றி, நிப்பின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஃபீட்டின் முடிவில் சின்னக் குழாய்போல ஒரு முனை பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் அதில் கன்வெர்ட்டர் ஏறும். திருவள்ளூர் ரங்கா, சென்னை காமா போன்ற கைக்கடைசல்காரர்கள் இப்போது இரண்டு வழியும் வைத்துத்தான் கொடுக்கிறார்கள்: வேண்டுமானால் உடம்பில் ஊற்றலாம், வேண்டுமானால் கன்வெர்ட்டர் மாட்டலாம். 1932இல் தொடங்கிய ராஜமுந்திரி ரத்னம் பேனாக்கள் போன்ற பழைய பாணியில் எபோனைட் ஃபீட் முழுக்க அடைத்திருக்கும். அதில் ஊற்றுவது ஒன்றுதான் வழி. உங்களுடையது எது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கன்வெர்ட்டர் ஏறினால் மலைப் பிரச்சினை அதோடு முடிந்தது.

நிப்புக்கு வருவோம். நீங்கள் கோலம் படியெடுக்கிறீர்கள் என்று படித்ததும் எனக்குச் சந்தோஷம். நிப்பைச் சோதிக்கச் சிக்குக் கோலத்தைவிட நல்ல வழி கிடையாது. கையெடுக்காமல் ஒரே இழையாக எட்டுத் திசையிலும் வளைந்து வரும். எழுதும்போது வழுக்கிக்கொண்டு போகும் நிப்புகூட, இடப்பக்கம் மேலேறும் வளைவில் தாளைக் கொத்தும். கொத்தினால் இரண்டு காலும் ஒரே மட்டத்தில் இல்லை என்று அர்த்தம். நிப்பின் நடுவில் பிளவு இருக்கிறதே, அதன் இரு பக்கமும் ஒவ்வொரு கால். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப்பில் நேராக முனையைப் பார்த்தால், ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் நிற்பது தெரியும். மேலே நிற்கும் காலை நகத்தால் மெல்ல அழுத்தி விடுங்கள். மறுபடி பாருங்கள். அவசரம் கூடாது.

மை வறண்டு வந்தால் பிளவு இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். மெல்லிய பித்தளைத் தகட்டைப் பிளவில் விட்டு ஒருமுறை, இருமுறை இழுத்தால் போதும். இரும்பு சேர்ந்த மை பொதுவாகவே கொஞ்சம் வறண்டுதான் வரும், அதனால் பத்திரக்கார ஐயா சொன்ன மைக்கு நிப்பைச் சற்றே தாராளமாக வைத்துக்கொள்வது நல்லது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: உப்புத்தாளில் தேய்ப்பது. முனையில் இருக்கும் அந்த மணி, கடினமான கலப்பு உலோகம். இரிடியம் என்று பெயர் பொறிக்கிறார்கள், இப்போது பெரும்பாலும் உள்ளே இரிடியமே இருக்காது. ஆஸ்மியம், ருதேனியம், டங்ஸ்டன் என்று ஏதேதோ கலவை. அது ஒரு முறை தேய்ந்து போனால் நிப்பு போனது போனதுதான். ஜப்பான் நிப்புகளில் ஃபைன் என்றால் ஜெர்மன் ஃபைனைவிட மெல்லியதாக இருக்கும். உங்கள் சின்ன எழுத்துக்கு ஜெர்மன் நிப்பு என்றால் எக்ஸ்ட்ரா ஃபைன் கேளுங்கள்.

கடைசியாக, எங்கள் தொழில் சம்பந்தமாக ஒரு செய்தி. எபோனைட் என்பது ரப்பரில் நிறையக் கந்தகம் சேர்த்துக் காய்ச்சியது. அந்தப் பேனாவை வெள்ளிச் சாமான் இருக்கும் டப்பாவில் போட்டு மூடாதீர்கள், வெள்ளி கறுத்துவிடும். கொலுசு கழுவுகிற பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பேனாவைக் கழுவுவதும் வேண்டாம். நுரை மிச்சம் உள்ளே தங்கினால் அப்புறம் எந்த மை ஊற்றினாலும் தாளில் பரவும்.

நாகலூர்க்காரன் எழுதியது:

எல்லோரும் பெரிய மனிதர்கள், நான் சின்னப் பதில் சொல்கிறேன். ஐப்பசியில் ஏற்காட்டில் எழுத்துக்கு மீசை முளைப்பது மையினால் மட்டும் அல்ல. தாள் காற்றிலிருந்தே ஈரம் குடித்திருக்கிறது. எங்கள் எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதும் பேர் நோட்டைத் தொட்டாலே அடை மழையில் துணியைத் தொட்டாற்போல் இருக்கும். எந்த மையும் அதில் நேராக நிற்காது.

தோட்டத்துக்குள் போகும்போது பென்சில் எடுத்துக்கொண்டு போங்கள். கிராஃபைட் தண்ணீரில் கரையாது, வெயிலில் வெளுக்காது, மலை ஏறினால் ஒழுகாது. மழைமானியைப் பார்த்து இஞ்சும் செண்டும் குறித்து வைக்க அதற்கு மேல் என்ன வேண்டும்? வீட்டுக்கு வந்து, அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் நோட்டில் பேனாவால் ஏற்றுங்கள்.

தாள் வாங்குவதானால் கரூர் காகிதபுரத்து டி.என்.பி.எல். ஆலை கரும்புச் சக்கையில் செய்த தாள், 75 ஜி.எஸ்.எம்முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு) குறையாமல் பாருங்கள். அதை வாங்கித் தைத்துக்கொள்கிறேன். மறுபக்கம் ஊறுவது குறைவு. பளபளப்பான அட்டை போட்ட நோட்டுகளில் பாதிக்கு மேல் உள்ளே ஒற்றுத்தாள்தான்.

குகைவாசி எழுதியது:

நாகலூர்த் தம்பிக்கு: பென்சில் விஷயம் நியாயம், ஆனால் கோபம் வருகிறது. ஊற்றுப்பேனா பற்றிக் கேட்டால் பென்சில் வாங்கு என்கிறீர்களே! அக்காவிடம் சொன்னேன். "அப்பா எப்போதும் பென்சிலில் குறித்துக்கொண்டு வந்துதான் ராத்திரி எழுதுவார், உனக்கு மறந்துவிட்டதா?" என்றாள். அந்த வீட்டில் யாரும் என் பக்கம் இல்லை.

சிவதாபுரத்துத் தம்பிக்கு: கழற்றிப் பார்த்தேன். பின்னால் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. கன்வெர்ட்டர் போட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஆனால் நிப்பு நடுத்தரம், சிக்குக் கோலத்தில் நீங்கள் சொன்ன அதே மூலையில் கொத்துகிறது. அதே அளவு எக்ஸ்ட்ரா ஃபைன் நிப்பு வாங்கிக்கொண்டு உங்கள் பட்டறைக்கு வரலாமா?

சிவதாபுரம் பட்டறை எழுதியது:

தாராளமாக வாருங்கள் அக்கா. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாருங்கள், காலையில் ஊதுலை பக்கத்தில் நிற்க முடியாது. உங்கள் தாளையே கொண்டுவாருங்கள். என் தாளில் வழுக்கும் நிப்பு உங்கள் தாளில் கொத்தும்.

குகைவாசி எழுதியது:

ஆடி முடிந்துவிட்டது. கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் நின்றது தனிக்கதை.

சன்னல் தாளை எடுத்தேன். ராயல் புளூ இருந்த இடத்தில் ஏதோ எழுதியிருந்ததாக ஒரு வதந்திதான் மிச்சம். ஊதா போய்ச் சாம்பல். டர்க்காய்ஸ் பாதி உயிர். மெரூன் நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. இரும்பு சேர்ந்த நீலக்கறுப்பில் நீலம் குறைந்திருந்தது, எழுத்து அசையவில்லை. மூடி வைத்த பாதியையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது வெயிலில் நின்றது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. நோட்டுக்குள் இருந்த மற்ற மைகள் எல்லாம் புதுப் பெண்போல் இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்திரக்காரர் ஐயா கேட்க விரும்பமாட்டார்.

பட்டறைக்குப் போனேன். புது நிப்பை லூப்பில் பார்த்துவிட்டு, ஒரு காலை நகத்தால் தொட்டார். தொட்டது எனக்குத் தெரிந்தது, அசைந்தது தெரியவில்லை. பிறகு என் தாளில் ஐந்து புள்ளி வைத்துத் தானே ஒரு கோலம் இழுத்தார். எங்கள் அம்மா நோட்டில் இல்லாத கோலம். அதை வாங்கி வந்துவிட்டேன், மனைவியிடம் கற்றதாம். காசு வாங்க மறுத்துவிட்டார், அக்கா தோட்டத்து மிளகு கால் கிலோ கொடுத்தேன்.

ஆக, எபோனைட் பேனாதான். கன்வெர்ட்டர், எக்ஸ்ட்ரா ஃபைன், நீலக்கறுப்பு. பேனாவை நிப்பு மேலே பார்க்கக் கைப்பைக்குள் நிறுத்தி வைத்து மலை ஏறினேன். மூடி காய்ந்தே இருந்தது. காப்பி நோட்டுக்கும் கோல நோட்டுக்கும் மழை நோட்டுக்கும் இதே ஒன்றுதான் இப்போது. பென்சில் ஒன்றும் கைப்பையில் சேர்ந்துவிட்டது, தம்பி சந்தோஷப்படலாம். பிரெப்பி ஆலைக்குப் போய்விட்டது. கணக்குக்கு அதுதான் பொருத்தம்.

ஒரே மை என்ற பேச்சில் மட்டும் கொஞ்சம் தளர்வு. தபால்தலை நண்பர்களுக்குக் கடிதம் எழுத அந்த அடர்பச்சை வேண்டும். அதற்குப் பழைய ஹீரோ. கடிதம் உறைக்குள் இருட்டில்தானே இருக்கும், வெளுக்காது. ஐயா இதைத் தள்ளுபடி செய்தாலும் மேல்முறையீடு செய்வேன்.

மற்றவை வேண்டியவர்களுக்கு: டர்க்காய்ஸ் முக்கால் புட்டி, ஊதா அரைப் புட்டி, மெரூன் திறக்காதது ஒன்று, லாமி சஃபாரி ஒன்று. பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு முதல் உரிமை. ராயல் புளூ இரண்டு புட்டி, அதுவும் பிள்ளைகளுக்குத்தான்.

பத்திரக்காரர் எழுதியது:

பச்சை மை என்பது உயர் அதிகாரிகள் சான்றொப்பம் போடும் மை. கடிதத்துக்கு அனுமதிக்கிறேன்.

மெரூன் புட்டி யாரும் கேட்கவில்லை என்றால் எனக்கு. பேத்தி கேட்கிறாள்.